கறுப்பு ரோபோ என்றால் வில்லனா?

இந்த வாரமும் அதே வெள்ளை ரோபோ அச்சுக்குப் போய்விட்டது. எரிச்சல் தாங்கவில்லை, இங்கே கொட்டித் தீர்க்கிறேன்.

பத்திரிகையில் பக்க வடிவமைப்பு என் வேலை. செயற்கை நுண்ணறிவு பற்றி வாரம் ஒரு கட்டுரையாவது வந்துவிடும். படம் தேடினால் பீங்கான் வெள்ளையில் முகம், நீலக் கண், கூர்மூக்கு, மெல்லிய உதடு. தாடையில் கை வைத்துக்கொண்டு ஆழ்ந்து யோசிக்கிறது. அடுத்த படத்தில் அதன் அண்ணன். அதற்கடுத்து தங்கை. குடும்பமே வெளுப்பு! நெல் பயிரின் நோயைக் கண்டுபிடிக்கும் செயலி பற்றிய கட்டுரைக்கும் இதே முகம்தானா? வயலில் இறக்கினால் அரை நாளில் சேறாகிவிடும்.

நேற்று பொறுக்க முடியாமல் ஒரு படத்தின் நிறத்தை மட்டும் மாற்றினேன். நல்ல தேக்கு மர நிறம். கண்ணும் மூக்கும் அப்படியே. ஆசிரியர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, வில்லன் மாதிரி இருக்கிறது? பழைய படத்தையே வைத்துவிடு" என்றார். தேநீர் குடிக்கப் போய்விட்டார். அவர் என்னைவிடக் கறுப்பு!

இரும்புக்கு ஏது இனம் என்று கேட்பவர்கள் 2018-இல் நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் பார்ட்நெக்கும் அவருடைய குழுவும் வெளியிட்ட ஆய்வைப் படிக்கட்டும். திரையில் படங்கள் சட்டென்று தோன்றி மறையும். கையில் துப்பாக்கி இருந்தால் சுட வேண்டும், வேறு பொருள் இருந்தால் விட்டுவிட வேண்டும். மனிதர்களின் படங்களோடு, ஒரே ரோபோவை வெள்ளையாகவும் கறுப்பாகவும் மாற்றிய படங்களையும் காட்டினார்கள். ஆய்வில் பங்கேற்றவர்கள் ஆயுதம் ஏந்திய கறுப்பு உருவத்தை, அது மனிதனோ ரோபோவோ, வெள்ளை உருவத்தைவிட வேகமாகச் சுட்டார்கள். ஆயுதம் இல்லாத வெள்ளை உருவத்தை விட்டுவிடுவதிலும் அதே வேகம். இந்த ரோபோ என்ன இனம் என்று கேட்டபோது 'பொருந்தாது' என்ற விடையும் பட்டியலில் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் மிகச் சிலர்.

வெள்ளை என்றால் சுத்தம், அழுக்கு தெரியும், வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும் வெள்ளைதானே என்று நண்பர் ஒருவர் வாதாடினார். ஹோண்டாவின் வெள்ளை ரோபோ அசிமோ ஜப்பானில் பிறந்தது, அங்கே யார் சதி செய்தார்கள் என்றும் மடக்கினார். சதி என்று நான் எங்கே சொன்னேன்? குளிர்சாதனப் பெட்டிக்குக் கண்ணும் மூக்கும் வைத்து யாரும் "வணக்கம்" சொல்ல வைப்பதில்லையே! முகம் என்று ஒன்றை ஒட்டிய பிறகு அந்த வெள்ளை வெறும் பெயின்ட் இல்லை, தோல். இத்தனைக்கும் ரோபோ என்ற சொல்லே கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. பெயர் அடிமையுடையது, நிறம் மட்டும் எசமானுடையது.

தேக்கு நிற ரோபோவை நான் அழிக்கவில்லை. கணினியில் பத்திரமாக இருக்கிறது. கோப்புக்கு ஆசிரியரின் பெயரையே வைத்திருக்கிறேன்.