இன்னும் பத்து நிமிஷம் மச்சான்

கொழும்பிலிருந்து இரவு முழுக்க பஸ்ஸில் நெரிபட்டு, அலைச்சறுக்குக்கென்று கிழக்குக் கரை அறுகம்பேக்கு வந்தது கட்டிலில் புரளவா? மே முதல் செப்டம்பர் வரைதான் இங்கே நல்ல அலை. அதிலும் விடியக்காலைதான் கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். வெயில் ஏறினால் கடல்காற்று கிளம்பி அலையைக் கலைத்துப்போடும். இதை எத்தனை தரம் சொல்வது!

இன்றைக்கும் ஐந்தரைக்கே சறுக்குப் பலகைக்கு மெழுகு தேய்த்துவிட்டு வாசலில் காத்திருந்தேன். உள்ளே கூட்டாளிகள் மூன்று பேரும் நேற்றைய மணல் ஒட்டின காலோடு விசிறிக்குக் கீழே. தட்டினால், "இன்னும் பத்து நிமிஷம் மச்சான்."

எழும்பியது ஒன்பதரைக்கு. பிறகு ரொட்டி, தேத்தண்ணி, காணாமல்போன சன்கிறீம். அலை பிடிக்கிற இடமான மெயின் பொயின்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் காற்று வந்துவிட்டது. ஒரே அலைக்குப் பத்துப் பேர் அடிபடுகிறார்கள்.

தனியே போகலாம்தான். ஆனால் சேர்ந்து அலை பிடிக்கத்தானே நாலு பேரும் காசு சேர்த்து வந்தோம்? நாளைக்குக் கடைசி நாள். கடலுக்குள் பலகையில் இருந்துகொண்டு, நாலு பேருமாக ஒரு சூரிய உதயமாவது பார்க்க வேண்டும் எனக்கு. இன்றிரவு நேரத்தோடு படுங்கடா!