வீலரைக் கொடுத்திருக்கலாமா?

நியூயார்க்கின் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலின் கீழ்த்தளக் கேன்டீனில் தோசைக்கு டோக்கன் வாங்கிவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் நடக்கும் வாதங்களில் பாதி ஊர் அரசியல் என்றால் மீதி எங்கள் பேஸ்பால் அணியான மெட்ஸ். அதன் சிட்டி ஃபீல்டு மைதானம் 7ஆம் எண் ரயிலில் மெயின் ஸ்ட்ரீட்டுக்கு அடுத்த நிறுத்தம்தான் என்பதால் அது இயல்பும்கூட. 2025 அக்டோபரில் அங்கே, என்னைவிடப் பத்து வயது மூத்த, நாற்பது வருடமாகக் குவீன்ஸில் இருக்கும் அண்ணன் ஒருவரிடம் நான் தோற்றுப்போன ஒரு வாதத்தை இங்கே எழுதியாவது வெல்லப் பார்க்கிறேன். கேள்வி: இளம் பிட்சரை, அதாவது பந்தெறிபவரை, கொடுத்து நன்றாக அடிக்கும் அவுட்ஃபீல்டரை, அதாவது வெளிக்கள ஆட்டக்காரரை, வாங்கலாமா? அவர் சொன்னது இதுதான்: "தம்பி, சின்ன வயசுப் பிட்சரைக் கொடுத்து அவுட்ஃபீல்டர் வாங்குறது, விதை நெல்லை வித்து விருந்து வைக்கிற மாதிரி. சாப்பிட்ட வரைக்கும் ருசிதான். அடுத்த போகத்துக்கு என்ன பண்ணுவ?"

கிரிக்கெட் மட்டும் பார்ப்பவர்களுக்காகச் சுருக்கமாக ஒன்று. பேஸ்பாலில் ஓர் அணி தன் ஆட்டக்காரர்களை மற்றோர் அணிக்குக் கொடுத்து அவர்களுடைய ஆட்டக்காரரை வாங்குவது பண்டமாற்றுப்போலவே நடக்கிறது. இதற்குப் பெயர் ட்ரேட். முதல் நிலை லீக்கில் காலடி வைக்கும் இளைஞரை ஏறத்தாழ ஆறு சீசன்கள் அணி தன்வசம் வைத்துக்கொள்ளலாம். அதில் முதல் மூன்றுக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டிய தொகை கொடுத்தால் போதும். ஆகவே பிளேஆஃபை, அதாவது சீசன் கடைசியில் முன்னணி அணிகள் மட்டும் ஆடும் சுற்றை, எட்டும் தூரத்தில் இருக்கும் அணி ஜூலைக் கடைசியில் ஒரு நல்ல பேட்டரைத் தேடிப் போகும்போது, எதிர்த் தரப்பு கேட்பது பெரும்பாலும் காசை அல்ல. முதல் நிலைக்குக் கீழே உள்ள மைனர் லீக்கில் மணிக்கு 95 மைல் வேகத்தில் எறிந்துகொண்டிருக்கும் பையன்களைத்தான் கேட்கும்.

விதை நெல் என்ற உவமை எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் விதை நெல் குதிரில் கிடந்தால் கெடாது. பிட்சரின் முழங்கை அப்படிப்பட்டதல்ல. 1974இல் டாக்டர் ஃப்ராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சரின் முழங்கையில் அறுந்த தசைநாருக்குப் பதிலாக மறுகையின் தசைநாணை எடுத்துக் கட்டினார். அன்றிலிருந்து அந்த அறுவைச் சிகிச்சைக்கு அந்த ஆட்டக்காரரின் பெயரே நிலைத்துவிட்டது. செய்துகொண்டவர் மீண்டும் ஆட்டத்தில் எறிய ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆகும். பத்து வருடங்களுக்கு முன் மெட்ஸிடம் ஐந்து இளம் பிட்சர்கள் இருந்தார்கள்: மாட் ஹார்வி, ஜேக்கப் டிகிராம், நோவா சிண்டர்கார்ட், ஸ்டீவன் மாட்ஸ், ஸாக் வீலர். இனிப் பத்தாண்டுக்கு நம்மை யாரும் அசைக்க முடியாது என்று நாங்கள் மார்தட்டிய ஐவர் இவர்கள். இந்த ஐவருமே வாழ்க்கையில் ஒரு முறையாவது டாமி ஜான் அறுவைக்குப் படுத்தவர்கள். டிகிராம் இரண்டு முறை. ஐவரும் ஒரே சுற்றில் ஒருவர்பின் ஒருவராகக் களமிறங்கியது 2018 ஏப்ரலில்தான் முதன்முறையாக நடந்தது. அடுத்த மாதமே ஹார்வியைச் சின்சினாட்டிக்கு அனுப்பிவிட்டார்கள். குதிர் நிறைய நெல் இருப்பதாக நினைத்திருந்த வீட்டின் கதை இது.

இந்த ஐவரில் வீலரின் கதையை மட்டும் எடுத்துக்கொண்டாலே நம் கேள்வியின் எல்லாப் பக்கமும் தெரிந்துவிடும். 2009இல் சான்பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அவரைப் புது ஆட்டக்காரர்களுக்கான ஆண்டுத் தேர்வில் ஆறாவதாக எடுத்தது. 2011 ஜூலை இறுதியில், முந்தைய ஆண்டு சாம்பியனை முடிவுசெய்யும் வேர்ல்ட் சீரிஸ் தொடரை வென்ற அந்த அணி, மெட்ஸின் அவுட்ஃபீல்டர் கார்லோஸ் பெல்ட்ரானுக்காக 21 வயது வீலரைக் கொடுத்தது. பெல்ட்ரான் சும்மா இருக்கவில்லை. 44 ஆட்டங்களில் .323 என்ற சராசரியில், அதாவது ஏறத்தாழ மூன்றுக்கு ஒரு ஹிட் என்று, அடித்தார். நடுவில் மணிக்கட்டு வலியால் சில வாரங்கள் வெளியே இருந்தார். இருந்தும் ஜயன்ட்ஸ் 86 வெற்றிகளோடு பிளேஆஃபுக்கு வெளியே நின்றது, சீசன் முடிந்ததும் பெல்ட்ரான் வேறு ஊருக்குப் போய்விட்டார்.

அண்ணன் தன் கட்சிக்கு முதல் சாட்சியாக நிறுத்துவது இதைத்தான். அது தவறான ட்ரேட் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் வீலர் பிற்காலத்தில் பெரிய ஆளானதற்காக அல்ல. அந்த ஆண்டு மே மாதமே பிட்சரின் பந்தைப் பிடிக்கும் அவர்களுடைய கேட்சர் பஸ்டர் போஸி, பேட்டர் நிற்கும் இடமான ஹோம் பிளேட்டில் நடந்த மோதலில் காலை முறித்துக்கொண்டு சீசன் முழுவதும் வெளியேறியிருந்தார். சீசன் முடிவில் கணக்குப் பார்த்தால், முதல் நிலையின் இரு லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகிலேயே மிகக் குறைவாக ரன் எடுத்த அணி அதுதான். ஒன்பது பேர் வரிசையில் ஐந்தாறு ஓட்டை இருக்கும்போது ஓர் ஓட்டைக்கு மட்டும் தங்கத்தில் அடைப்பு வைத்தார்கள். தவறு அங்கே இருக்கிறது. வீலர் நாளைக்கே தோள் விழுந்து காணாமல் போயிருந்தாலும் அது தவறான ட்ரேட்தான். இன்னொரு வேடிக்கை, வீலர் இல்லாமலேயே ஜயன்ட்ஸ் 2012லும் 2014லும் மறுபடி வேர்ல்ட் சீரிஸ் வென்றது என்பது. அண்ணன் இதை ஒருபோதும் சொல்வதில்லை.

இப்போது 2015 ஜூலைக்கு வருவோம். வீலர் மெட்ஸுக்கு வந்து, 2014இல் 185 இன்னிங்ஸ் எறிந்து 187 பேரைப் பந்தை அடிக்கவிடாமலே ஸ்ட்ரைக் அவுட் செய்து, 2015 மார்ச்சில் முழங்கை அறுவை செய்துகொண்டு படுத்திருந்தார். அணி பிளேஆஃப் போட்டியில் இருந்தது, பிட்சிங் அபாரம், பேட்டிங் பரிதாபம். அந்த மாதம் டாட்ஜர்ஸின் பிட்சர் கிளேட்டன் கெர்ஷா எதிரே வந்த நாளில் எங்கள் நான்காவது, ஐந்தாவது பேட்டர்கள் இருவருடைய சராசரியும் .200ஐக்கூடத் தொடவில்லை. கெர்ஷா மூன்றே ஹிட் கொடுத்து ஆட்டத்தை முழுதாக முடித்தார். வலைப் பயிற்சிக்கு வந்தவர் மாதிரி இருந்தது அவரைப் பார்க்க.

ஜூலை 29 இரவு மில்வாக்கியிடமிருந்து அவுட்ஃபீல்டர் கார்லோஸ் கோமஸை வாங்குவதாகவும், பதிலுக்கு வீலரும் வில்மர் ஃப்ளோரஸும் போவதாகவும் செய்தி கசிந்தது. அப்போது ஃப்ளோரஸ் களத்தில் இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே ஷார்ட்ஸ்டாப்பாக நின்றுகொண்டிருந்தார். பதினாறு வயதில் வெனிசுவேலாவில் மெட்ஸோடு ஒப்பந்தமானவர். வேறு வீடு அறியாதவர். கேலரியில் இருந்தவர்கள் கைப்பேசியைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று கைதட்டியதைக் கொண்டுதான் அவருக்கு விஷயமே புரிந்தது. அடுத்த இன்னிங்ஸில் பந்து வருமோ வராதோ என்று குனிந்து நின்றபடி ஜெர்ஸியின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்ட அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த எவரும் மறந்திருக்க முடியாது. ஆட்டம் முடிந்த பிறகு, கோமஸின் இடுப்பு குறித்த மருத்துவ விவரங்களால் மெட்ஸ் பின்வாங்கியதாகத் தெரிந்தது. ட்ரேட் முறிந்தது. வீலர் தாமே பொது மேலாளர் சாண்டி ஆல்டர்சனைத் தொலைபேசியில் அழைத்து, இந்த அணியிலேயே இருக்க விரும்புவதாகச் சொன்னார். இரண்டு நாள் கழித்து ஃப்ளோரஸ் பன்னிரண்டாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து வாஷிங்டனை வீழ்த்தியது, கதாசிரியன் எழுதியிருந்தால் நாம் நம்பாத திருப்பம்.

அதே ஜூலை 31 பிற்பகல், ட்ரேடுக்கான கெடு முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, ஆல்டர்சன் டெட்ராய்ட்டிடமிருந்து அவுட்ஃபீல்டர் யோயெனிஸ் செஸ்பெடெஸை வாங்கினார். கொடுத்தது மைக்கேல் ஃபுல்மர், லூயிஸ் செஸா என்ற இரு மைனர் லீக் பிட்சர்களை. செஸ்பெடெஸின் ஒப்பந்தம் அந்த சீசனோடு முடிகிறது. அதாவது இரண்டு மாத வாடகை. அவர் 57 ஆட்டங்களில் 17 ஹோம் ரன் அடித்தார். வாஷிங்டனைத் துரத்திக்கொண்டிருந்த அணி, ஏழு ஆட்ட இடைவெளியில் பிரிவை வென்று, 2000க்குப் பிறகு முதல் முறையாக வேர்ல்ட் சீரிஸுக்குப் போனது.

ஃபுல்மர் அடுத்த ஆண்டே 11 வெற்றி, 3.06 ஈ.ஆர்.ஏ. என்று எறிந்து அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகம் ஆனார். ஒன்பது இன்னிங்ஸுக்கு மூன்று ரன்னைச் சற்றே தாண்டித்தான் விட்டார் என்று பொருள். இங்கே நான் ஒன்றை மறைத்தால் நேர்மையாகாது. வேர்ல்ட் சீரிஸ் முதல் ஆட்டத்தில் ஹார்வி எறிந்த முதல் பந்தையே கன்சஸ் சிட்டியின் எஸ்கோபர் தூக்கியடிக்க, சென்டர் ஃபீல்டில் செஸ்பெடெஸ் அதைப் பிடிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் தடுமாறி, பந்து அவர் காலில் பட்டு உருண்டோட, எஸ்கோபர் நான்கு பேஸையும் சுற்றி வந்துவிட்டார். தொடரை ஐந்தே ஆட்டங்களில் இழந்தோம். அடுத்த வருடம் ஃபுல்மரின் படத்தைக் கைப்பேசியில் காட்டி, "இந்தப் பையனைக் கொடுத்துத்தான் அந்த உதையை வாங்கினோம்" என்றார் அண்ணன். சாம்பார் வாளியோடு வந்தவரும் சிரித்தார்.

ஆனாலும் நான் அந்த ட்ரேடை ஆதரிக்கிறேன். அணியிடம் பிட்சர்கள் மிகுதி. தேவை ஓர் அவுட்ஃபீல்டர். ஓட்டை ஒன்றுதான், அதற்கு அளவான அடைப்பு கிடைத்தது. ஃபுல்மர் 2017இல் முழங்கை நரம்புக்கும் 2019இல் தசைநாருக்கும் கத்தியின்கீழ் படுத்தார் என்பதை நான் என் வாதத்துக்கு ஆதாரமாகக் காட்டப்போவதில்லை, ஏனென்றால் அவர் படுக்காமல் இருந்திருந்தாலும் என் தீர்ப்பு மாறாது. எங்கள் வட்டத்தில் எல்லோரும் செய்யும் பிழை, பத்து வருடம் கழித்துப் பட்டியலைப் பார்த்து ட்ரேடுக்கு மார்க் போடுவது. முடிவெடுத்தவர்களுக்கு அந்தப் பட்டியல் கையில் இல்லை.

வீலரையே கொடுத்திருந்தால்? அந்த ஜூலைக்குப் பிறகு 2017 முடியும்வரை அவர் மெட்ஸுக்காகத் தொடங்கிய ஆட்டங்கள் வெறும் 17. பிறகு இரண்டு நல்ல சீசன்கள் ஆடினார். 2019 டிசம்பரில் 118 மில்லியன் டாலருக்கு ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய், அங்கேதான் உச்சத்தைத் தொட்டு லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதுக்கு இரண்டு முறை இரண்டாம் இடம் பிடித்தார். ஆக, பூட்டி வைத்த நெல்லை அறுவடை செய்தது பக்கத்து வயல்காரன். மறுபக்கம், கோமஸ் ஹூஸ்டனுக்குப் போய் ஓராண்டிலேயே சோர்ந்து, 2016 ஆகஸ்டில் அணியிலிருந்து நீக்கப்பட்டார். அவருக்காக ஹூஸ்டன் கொடுத்த இளைஞர்களில் ஒருவர், பின்னாளில் பெயர்பெற்ற பிட்சரான ஜாஷ் ஹேடர். மெட்ஸ் தப்பியது மதியால் கொஞ்சம், விதியால் நிறைய.

எனக்கு எதிரான மிகப் பலமான சாட்சி செயின்ட் லூயிஸில் இருக்கிறது. அதை அண்ணன் எடுப்பதற்குள் நானே எடுத்துவிடுகிறேன். 2017 டிசம்பரில் அந்த ஊர் அணியான கார்டினல்ஸ், மயாமியின் அவுட்ஃபீல்டர் மார்செல் ஒசூனாவுக்காக நால்வரைக் கொடுத்தது. அதில் இருவர் சாண்டி அல்காந்தரா, ஸாக் கேலன் என்ற இளம் பிட்சர்கள். ஒசூனா இரண்டு வருடம் ஆடிவிட்டு அட்லாண்டாவுக்குப் போனார். அல்காந்தரா 2022இல் 228 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்து, ஒருமனதாக சை யங் விருது பெற்றார்; அதே ஆண்டு அரிசோனாவில் கேலன் தொடர்ச்சியாக 44 இன்னிங்ஸுக்கு மேல் ரன்னே விடாமல் எறிந்தார். இதற்கு என்னிடம் முழு பதில் இல்லை. ஒரு கையைக் கொடுப்பது வேறு, இரண்டு கைகளை ஒரே சாக்கில் போட்டுக் கொடுப்பது வேறு என்பது மட்டும் தெரிகிறது. அதுவும் ஜூலை நெருக்கடியில் அல்ல, யோசிக்க நான்கு மாதம் இருந்த குளிர்காலத்தில். அதே குளிர்காலத்தில் அதே மயாமி, அவுட்ஃபீல்டர் கிறிஸ்டியன் யெலிச்சை மில்வாக்கிக்குக் கொடுத்து நான்கு இளைஞர்களை வாங்கியது. யெலிச் 2018இல் நேஷனல் லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் ஆனார்; வந்த நால்வரில் ஒருவரும் நிலைக்கவில்லை. ஒரே கடைக்காரர், ஒரே வாரச் சந்தை, ஒரு சரக்கில் கொள்ளை லாபம், இன்னொன்றில் முதலே போயிற்று.

நியூயார்க்கின் இன்னோர் அணியான யாங்கீஸ் 2023 டிசம்பரில் அவுட்ஃபீல்டர் ஹுவான் சோட்டோவுக்காக மைக்கேல் கிங் உட்பட நான்கு பிட்சர்களையும் ஒரு கேட்சரையும் சான் டியேகோவுக்குக் கொடுத்தபோது, ஒரே வருடத்துக்கு இவ்வளவா என்று நியூயார்க்கில் பலர் கேட்டார்கள். அந்த ஒரே வருடத்தில் சோட்டோ 41 ஹோம் ரன் அடித்தார். கிளீவ்லாந்தில் பத்தாவது இன்னிங்ஸில் அவர் அடித்த ஒன்றுதான் யாங்கீஸை 2009க்குப் பிறகு முதல் முறையாக வேர்ல்ட் சீரிஸுக்கு அனுப்பியது. சீசன் முடிந்ததும் அவரை எங்கள் மெட்ஸ் பிட்சர் எவரையும் கொடுக்காமல், 15 ஆண்டுகளுக்கு 765 மில்லியன் டாலர் என்று பணத்தை மட்டும் கொட்டித் தூக்கிவந்தது. அண்ணன் அன்று கேன்டீனில் எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

அந்தக் காப்பியின் கசப்பு 2025 செப்டம்பரில் தெரிந்தது. பிட்சர்கள் ஒவ்வொருவராகக் காயத்திலும் களைப்பிலும் விழ, 83 வெற்றிகளோடு கடைசி நாளில் மயாமியிடம் தோற்று பிளேஆஃபை நழுவவிட்டோம். தாங்கிப் பிடித்தவர் ஆகஸ்டில்தான் வந்திறங்கிய இளம் பிட்சர் நோலன் மெக்லீன். எட்டு ஆட்டங்களில் ஐந்து வெற்றி, 2.06 ஈ.ஆர்.ஏ. அவர் பின்னாலேயே ஜோனா டாங், பிராண்டன் ஸ்ப்ரோட் என்ற இன்னும் இரு இளம் பிட்சர்கள் வந்தார்கள்.

"இப்ப சொல்லு. ஒரு நல்ல அவுட்ஃபீல்டர் கிடைச்சா மெக்லீனைக் கொடுப்பியா?" என்று அண்ணன் கேட்டது அப்போதுதான். மாட்டேன் என்றேன். "டாங்?" என்றார். கொஞ்சம் யோசித்தேன். ஓட்டை இப்போது பிட்சிங்கில் இருக்கிறது, ஆகவே என் சொந்தக் கணக்குப்படியே இந்தக் குளிர்காலத்தில் அவரையும் கொடுக்கக் கூடாது. ஆனால் அடுத்த ஜூலையில் தொடங்குவதற்கு ஐந்து பேர் நிமிர்ந்து நின்று, அவுட்ஃபீல்டில் ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தால் டாங்கைக் கொடுப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவருடைய டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். "மாட்டேன்னு சொன்னியே, அது போதும்" என்று சொல்லிவிட்டுத் தோசையை வாங்க எழுந்து போய்விட்டார்.