வந்தியத்தேவன் இஎன்டிபி இல்லை

நேற்று மாலை அல்சூர் ஏரியைச் சுற்றி நடந்தபடியே நாங்கள் நாலு பேர் 'பொன்னியின் செல்வன்' நாவலின் வந்தியத்தேவனை வைத்துச் சண்டை போட்டோம். மூன்று பேர் ஒரே கட்சி. அவன் இஎன்டிபியாம், மையர்ஸ் பிரிக்ஸ் ஆளுமைச் சோதனை தரும் நாலெழுத்து வகைகளில் ஒன்று. வாய்த்துடுக்கு, சமயத்துக்கு ஒரு பொய், போகிற இடமெல்லாம் வம்பு, வேறென்ன வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்தும் எனக்கு மனசு ஆறவில்லை.

குணத்தைப் பார்த்து முத்திரை குத்துவதில்தான் தப்பு தொடங்குகிறது. 1921இல் கார்ல் யுங் எழுதியது மனசு வேலை செய்யும் விதத்தைப் பற்றி. புலனறிவு, உள்ளுணர்வு, சிந்தனை, உணர்வு என்று நாலு. ஒவ்வொன்றும் வெளியே பார்த்துத் திரும்பலாம், உள்ளே பார்த்தும் திரும்பலாம். நாலெழுத்துக் குறியெல்லாம் பிறகு கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் கொண்டுவந்தது. ஒவ்வொரு வகையிலும் இந்த நாலும் பலமானது தலையிலும் பலவீனமானது வாலிலுமாகப் படிப்படியாக நிற்கும். என் கட்சி, வந்தியத்தேவன் இஎஸ்டிபி. இஎன்டிபி, இஎஸ்டிபி இரண்டுக்கும் நடுப்படிகள் ஒன்றே: உள்நோக்கிய சிந்தனை, வெளிநோக்கிய உணர்வு. அதனால் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருப்பார்கள். வித்தியாசம் தலையிலும் வாலிலும். இஎன்டிபிக்குத் தலையில் இருப்பது என்இ, அதாவது வெளிநோக்கிய உள்ளுணர்வு. ஒன்றைப் பார்த்ததும் அது வேறு என்னவெல்லாம் ஆகலாம் என்று தாவும். இஎஸ்டிபிக்கு எஸ்இ, அதாவது வெளிநோக்கிய புலனறிவு; அது இந்த நொடியில் எதிரே இருப்பதை விடாமல் பிடிக்கும்.

இப்போது கல்கியிடம் போவோம். முதல் அத்தியாயத்தில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் வருகிறவன் என்ன செய்கிறான்? ஏரிக்கு எழுபத்து நாலு கணவாய், அதாவது மதகு, என்று சொன்னார்களே, உண்மையா என்று எண்ணிக்கொண்டே வருகிறான்! கேள்விப்பட்டதைக் கண்ணால் சரிபார்க்கிறவன். எஸ்இயும் அதன் பின்னால் உள்நோக்கிய சிந்தனையும் இதைவிட அழகாக எங்கே சேர்ந்து வரும்?

அரிசிலாற்றங்கரையில் முதலையைக் கண்டதும் வேலை எறிகிறான். பிறகுதான் தெரிகிறது, அது செத்த முதலை, உள்ளே பஞ்சு. பக்கத்தில் நிற்கும் பெண்கள் ஏன் பதறவில்லை என்று யோசிக்க அவனுக்கு ஒரு நொடி கூட ஆகவில்லை, ஏனென்றால் அவன் யோசிக்கவே இல்லை. கை முந்திக்கொண்டது.

"அப்படியானால் அவன் பொய்கள்?" என்று கேட்டாள் தோழி. நல்ல கேள்வி. ஆனால் அந்தப் பொய்கள் எங்கிருந்து பிறக்கின்றன என்று பாருங்கள். பல்லக்குக்குள் இருப்பவரைப் பார்க்க வேண்டும். உடனே பல்லக்குத் தூக்கிகள் தன் குதிரையை இடித்துவிட்டதாக முறையிடுகிறான். சுந்தர சோழரிடம் "அபாயம்" என்று எச்சரித்தது சின்னப் பழுவேட்டரையர் காதில் விழுந்துவிட்டது; "அபயம்" என்றுதான் கேட்டேன் என்கிறான். ஓர் எழுத்துக் கால்! கையருகே கிடந்த பொருளை, வாயில் ஏற்கெனவே இருந்த சொல்லை எடுத்துத் திருப்புகிறான். பத்து சாத்தியங்களை விரித்துப் பார்க்கிற மனசின் வேலை இல்லை இது.

வாலைப் பார்த்தால் சந்தேகமே வராது. இஎஸ்டிபிக்குக் கடைசியில், பலவீனமாகக் கிடப்பது என்ஐ, அதாவது உள்நோக்கிய உள்ளுணர்வு, தொலைவில் வரப்போவதை உள்ளுக்குள் உணரும் சக்தி. இளவரசர் பொன்னியின் செல்வர் இருக்கிறார் என்று நம்பி ஒரு கப்பலில் ஏறி, எதிரிகளிடம் மாட்டிக்கொள்கிறானே, அந்தக் குழி அதுதான். குடந்தை சோதிடர் வீட்டுக்குள் தடையை மீறி நுழைவதும் அதனால்தான் என்று நான் நினைக்கிறேன். தன்னிடம் இல்லாத கண்ணை வெளியே தேடுகிறான். அந்த வீட்டிலேயே பொன்னியின் செல்வரின் அக்காள் குந்தவையைப் பார்க்கிறான். சோழ நாட்டின் நாளையை இன்றே கண்டு, தம்பியை ஈழத்திலிருந்து அழைத்துவர ஓலை கொடுத்தனுப்புகிறவள் அவள். அவளுக்கு என்ஐ தலையில் இருக்கிறது. அவள் சொன்னால் கடல் தாண்டுகிறான் என்றால் அது வெறும் காதல் மயக்கம் இல்லை.

ஏன் இவ்வளவு வேகம் என்று கேட்பீர்கள். போன வருடம் எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் இந்தச் சோதனையை வைத்தார்கள். அமைதியான ஒரு பையனின் நாலெழுத்தைக் காட்டி, டீம் லீட் பொறுப்புக்கு அவன் சரிப்படமாட்டான் என்று முடித்துவிட்டார்கள். வேலைக்கு ஆள் பொறுக்க இது கருவியே இல்லை என்று மையர்ஸ் பிரிக்ஸ் தரப்பே சொல்கிறது. கூர்ந்து படிக்கச் சொல்லித்தரும் ஒரு நல்ல கண்ணாடியை எடுத்து ஆளை அடிக்கிறார்கள். எனக்கு அது இன்னும் வலிக்கிறது.

நண்பர்களே, கண்முன் எதுவும் இல்லாதபோது வெறும் யோசனையிலிருந்து வந்தியத்தேவன் ஒரு பெரிய திட்டம் தீட்டுகிற ஒரே ஓர் அத்தியாயம் காட்டுங்கள். ஐந்து பாகத்தையும் மறுபடி புரட்டத் தயாராக இருக்கிறேன்.