ஜூகோவின் தந்தை ஓசாய்தான்

புதுச்சேரி, கடலூர் ரசிகர்கள் கலந்து பேசும் இந்த இழையில், 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' என்னும் அமெரிக்க அனிமேஷன் தொடரில் வரும் இளவரசன் ஜூகோ, நெருப்பு நாட்டு அரசன் ஓசாயின் மகனல்லன், தாய் ஊர்சாவின் பழைய காதலனுக்குப் பிறந்தவன் என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியன்று. 2013இல் மூன்று பாகங்களாக வெளிவந்த 'தி சர்ச்' என்னும் தொடர்ச்சிச் சித்திரக்கதையின் முதல் பாகத்தில், ஊர்சா தன் கைப்பட அவ்வாறு எழுதிய கடிதத்தை ஜூகோ படிப்பது உண்மையே. ஆனால் தன் கடிதங்களைக் கணவன் ஓசாய் இடைமறிக்கிறானா என்று அறிவதற்காக அவள் வேண்டுமென்றே எழுதிய பொய் அது என்பதைக் கதையே பின்னர் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. (அந்தப் பொய்யின் சுமையை மகன் சுமக்க நேர்ந்ததற்கு அவளைக் குறை சொல்லலாம், அது வேறு வழக்கு.) ஐயமுள்ளவர்கள் கடிதம் வரும் பக்கத்தோடு நிறுத்திவிடாமல் மூன்றாம் பாகம் முடியப் படித்துப் பார்க்க வேண்டுகிறேன்.