ஃபிராங்க்கின் சொனாட்டாவில் மூன்றாம் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்

மேற்கத்திய இசையமைப்பாளர் சேசர் ஃபிராங்க் வயலினுக்கும் பியானோவுக்குமாக நான்கு பகுதிகளில் எழுதிய ஏ மேஜர் சொனாட்டா என்றாலே பலரும் நேராக நான்காம் பகுதிக்குத்தான் போகிறார்கள். பகிர்வதும் அதைத்தான். அழகுதான், மறுக்கவில்லை. பியானோ மெட்டை எடுத்துக் கொடுக்க, ஒரே ஒரு பார் (ஒரு தாளச் சுற்று) தள்ளி வயலின் அதே மெட்டில் பின்தொடரும், யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் முன்னால் உள்ள மூன்றையும் விட்டுவிட்டு இதை மட்டும் கேட்பது அந்த இசைக்குச் செய்யும் அநியாயம். அதிலும் மூன்றாம் பகுதியைத் தள்ளிவிட்டுப் போவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

1886-இல் இதை எழுதும்போது ஃபிராங்க்குக்கு 63 வயது. பாரிஸில் சான்த் குளோதில்ட் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தார். அவரைப் போலவே பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் பிறந்த இளம் வயலின் கலைஞர் ஈஜேன் இசாய்க்குக் கல்யாணப் பரிசாக இதைக் கொடுத்தார். மாப்பிள்ளை கல்யாணத்தன்றே விருந்தினர் முன்னால் வாசித்தும் காட்டிவிட்டார். முதல் பகுதியை ஃபிராங்க் இன்னும் நிதானமாகத்தான் நினைத்திருந்தாராம். இசாய் கொஞ்சம் வேகமாக எடுத்தார். அதுவே சரி என்று பெரியவர் விட்டுக்கொடுத்துவிட்டார். நானும் இசாய் பக்கம்தான்.

டிசம்பரில் பிரஸ்ஸல்ஸில், ஓர் ஓவியக் கூடத்தில் பொது அரங்கேற்றம். குளிர்கால மாலை, சீக்கிரமே இருட்டிவிட்டது. ஓவியங்கள் இருப்பதால் விளக்கேற்ற அனுமதி இல்லை. முதல் பகுதி முடிந்ததும் தாளில் இருப்பது கண்ணுக்குத் தெரியவில்லை. இசாயும் பியானோ வாசித்த லியோன்தீன் போர்த்-பேனும் மீதி மூன்று பகுதிகளையும் இருட்டிலேயே, மனப்பாடமாக வாசித்து முடித்தார்கள். ஃபிராங்க்கின் மாணவர் வின்சென்ட் டான்டி இதை எழுதி வைத்திருக்கிறார்.

சரி, மூன்றாம் பகுதிக்கு வருகிறேன். 'ரெசிடேட்டிவோ-ஃபான்டாசியா' என்று பெயர், அதாவது பேசுவதுபோல, கற்பனைபோல வாசிப்பது. இரண்டாம் பகுதியின் கொந்தளிப்பு ஓய்ந்ததும் பியானோ முதல் பகுதியை நினைவூட்டும் சில கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் சுரங்களை) வாசித்து நிறுத்தும். வயலின் தனியாகப் பேசத் தொடங்கும். தாளக்கட்டு தளர்ந்துவிடும், ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாகவே இருக்காது. அப்புறம் பியானோ மெல்ல அலையடிக்க, அதன்மேல் வயலின் புதிதாக ஒரு மெட்டை மிக மென்மையாக எடுக்கும். கடைசியில் சோகம் தோய்ந்த எஃப் ஷார்ப் மைனர் சுருதியில், எதற்கும் பதில் கிடைக்காமல் அடங்கிவிடும்.

அந்தக் கனம் நெஞ்சில் இருக்கும்போது நான்காம் பகுதியின் வெளிச்சமான ஏ மேஜர் சுருதி தொடங்கினால்தான் அது விடியல். இல்லையென்றால் இனிமையான ஒரு மெட்டு, அவ்வளவுதான். அதோடு, மூன்றாம் பகுதியின் மெட்டுகள் நான்காம் பகுதிக்குள் திரும்பி வருகின்றன. முன்பு கேட்காதவருக்கு அவை திரும்பி வருவதே தெரியாது.

முழுதும் கேட்க அரை மணி நேரம் கூட ஆகாது. வயலினில் டேவிட் ஆய்ஸ்த்ராக்கும் பியானோவில் ஸ்வியதஸ்லாவ் ரிக்டரும் 1968-இல் மாஸ்கோ மேடையில் வாசித்த பதிவு இருக்கிறது, அதில் தொடங்குங்கள். மூன்றாம் பகுதியில் ரிக்டர் நிறுத்தியதும் ஆய்ஸ்த்ராக் தனியாக நுழையும் அந்த இடத்தை மட்டும் தயவுசெய்து ஓட்டிவிடாதீர்கள்.