கவர் கொடுத்த கடையே திரும்ப வாங்கட்டும்

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பெரிய கவர் தொங்குகிறது. உள்ளே முழுக்கக் கவர்தான். உங்கள் வீட்டிலும் ஒன்று தொங்கும். போன ஞாயிற்றுக்கிழமை அதைக் கீழே கொட்டி எண்ணினேன். 63 இருந்தன. துணி மாதிரி தெரிந்த ஒரு பையின் ஓரத்தில் தீக்குச்சியைக் காட்டினேன். சுருங்கி, உருகி, சொட்டியது. நான்-ஓவன் என்கிறார்களே, அது. பிளாஸ்டிக்தான்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் எந்தத் தடிமனிலும் கேரி பேக் கூடாது, நான்-ஓவன் பையும் கூடாது. ஆனாலும் 63.

சரி என்று எல்லாவற்றையும் மூட்டை கட்டி, அதில் பாதியைத் தந்த சூப்பர் மார்க்கெட்டுக்கே கொண்டுபோனேன். பில் போடும் பெண் சங்கடப்பட்டார். "இதெல்லாம் திரும்ப வாங்குறதில்லண்ணா, குப்பை வண்டில போட்டுடுங்க." அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வாங்கித்தான் ஆக வேண்டும் என்று அவருடைய முதலாளிக்கு யாரும் உத்தரவு போடவில்லையே. காயலான் கடையிலும் கேட்டேன். பாட்டில் என்றால் எடுப்பார்களாம். ஒரு கிலோ சேர்க்க நூற்றுக்கணக்கில் பொறுக்க வேண்டிய அழுக்குக் கவரை யார் எடுப்பார்கள்?

மத்திய அரசின் 2016 பிளாஸ்டிக் கழிவு விதிகளில் கடைக்காரருக்கு ஒரு பொறுப்பு இருந்தது. கேரி பேக் தர விரும்பும் கடை உள்ளாட்சியில் பதிவு செய்து, மாதம் 4,000 ரூபாய், வருடத்துக்கு 48,000 ரூபாயாவது கட்ட வேண்டும். 2018 மார்ச்சில் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். அப்புறம் 75 மைக்ரான், 120 மைக்ரான் என்று பையின் குறைந்தபட்சத் தடிமனைத்தான் ஏற்றினார்கள். ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மைக்ரானை யார் கண்ணால் பார்க்க முடியும்? மத்திய அரசின் 2022 வழிகாட்டுதல்கள் உற்பத்தியாளர்கள் டெபாசிட் வாங்கித் திருப்பித் தரும் திட்டம் "நடத்தலாம்" என்கின்றன. அந்த "லாம்" எனக்குப் போதாது. "வேண்டும்" என்று இருக்க வேண்டும், கடைக்கும் சேர்த்து.

நடக்காத காரியமா இது? நீலகிரியில் உடைந்த மது பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற கவலை சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 2022-இல் அங்கே டாஸ்மாக் கடைகள் பாட்டிலுக்குப் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தர ஆரம்பித்தன. பாட்டில்கள் திரும்பி வந்தன. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் திட்டம் போனது. டாஸ்மாக்கில் முடிந்தது ஜவுளிக்கடையில் ஏன் முடியாது?

தடை செய்த பையைத் திரும்ப வாங்கச் சொன்னால் தடைக்கு என்ன மரியாதை என்று கேட்பீர்கள். தடை அப்படியே இருக்கட்டும், அபராதமும் இருக்கட்டும். ஏற்கெனவே வீடுகளில் தொங்குகிற கவர்கள் எங்கே போவது? கேரி பேக் கணக்கில் வராத பருப்பு பாக்கெட்டும், புடவை வைத்துத் தரும் உறையும் எங்கே போவது? வாசலில் ஒரு தொட்டி வைத்து, சேர்ந்ததை எடைபோட்டு, மறுசுழற்சிக்கு அனுப்பிய ரசீதை மாதாமாதம் மாநகராட்சியிடம் காட்டட்டும். அந்தச் செலவைச் சுமக்கிற கடை அடுத்த கவரை நீட்டும் முன் கொஞ்சம் யோசிக்கும்.

முதலில் ஏசி போட்ட பெரிய கடைகளில் ஆரம்பியுங்கள். எங்கள் தெருமுனையில் பூ விற்கும் அக்காவிடம் வேண்டாம். நான் பார்த்தவரை அதிகாரிகள் வந்தால் முதலில் பறிபோவது அவருடைய கவர் கட்டுதான்.