பந்தியில் இடமில்லாத ஒன்பது வருடம்

2016 அக்டோபர். ஃபீனிக்ஸில் மாலை ஆறு மணிக்கும் கார் ஸ்டியரிங்கைத் தொட்டால் சுடுகிற வெயில். நானும் மனைவியும் ஆளுக்கொரு ஸ்வெட்டரைக் கையில் மடித்து எடுத்துக்கொண்டு பக்கத்து ஊரான டெம்பிக்கு ஐஸ் ஹாக்கி பார்க்கப் போனோம். பார்க்கிங்கில் இருந்தவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். கூட்டிப்போனது ஆபீஸ் நண்பர், மினசோட்டாக்காரர். அங்கே குழந்தை நடப்பதற்கு முன் ஸ்கேட்டிங் கற்றுக்கொள்ளும் என்பார். கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப இல்லை.

அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழக அணிக்கு அதுதான் முழு வார்சிட்டி சீசனாக முதல் வருடம். அதற்கு முந்தைய 2015-16 பாதி கிளப், பாதி வார்சிட்டி என்று கலந்து ஓட்டிய வருடம். வித்தியாசம் தெரியாதவர்களுக்கு: கிளப் என்றால் பையன்கள் பெரும்பாலும் கைக்காசு போட்டு ஆடுவது. வார்சிட்டி என்றால் கல்லூரியின் அதிகாரபூர்வ அணி. ஸ்காலர்ஷிப், சம்பளத்துக்குக் கோச், விமானச் செலவு எல்லாம் கல்லூரி பார்த்துக்கொள்ளும். இவர்கள் 2014-ல் கிளப் அளவில் தேசிய சாம்பியன். அதே ஆண்டு நவம்பரில், நன்கொடையாளர்கள் கொடுத்த 32 மில்லியன் டாலரை வைத்து அணியை முதல் பிரிவுக்கு, அதாவது கல்லூரி விளையாட்டின் மேல்மட்டத்துக்கு, உயர்த்துவதாகக் கல்லூரி அறிவித்தது. கோச் கிரெக் பவர்ஸ் இதே கிளப் அணியில் ஒரு காலத்தில் கோலியாக, அதாவது கோல்கீப்பராக, நின்றவர்.

அந்த முதல் முழு சீசனின் கணக்கு: 10 வெற்றி, 19 தோல்வி, 3 சமன். அடுத்த வருடம் இன்னும் மோசம். உடனே ஆபீஸில் ஆளாளுக்குத் தீர்ப்பு சொன்னார்கள். பாலைவனத்தில் ஐஸ் ஹாக்கி தேவையா, பணத்தைக் கொட்டினால் விளையாட்டு வந்துவிடுமா என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். வெயில்தான் பிரச்சினை, அனுபவம்தான் பிரச்சினை என்று. இத்தனை வருடம் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது வேறு. புது அணியைப் படுத்தி எடுத்தது வெயில் இல்லை. அவர்களுக்கு ஆடுவதற்கு ஒரு லீக் இல்லை.

ஆண்கள் முதல் பிரிவில் ஹாக்கி ஆடும் கல்லூரிகள் நாடு முழுக்கச் சுமார் அறுபதுதான். அன்றைக்கு அவை ஆறு லீக்குகளாகப் பிரிந்து கிடந்தன. லீக்கில் இருந்தால் யாரோடு எப்போது மோதுவது என்ற அட்டவணை தானாக வந்துவிடும். பாதி ஆட்டம் உங்கள் ஊரில் நடக்கும். இல்லாவிட்டால் ஒவ்வொரு கல்லூரிக்கும் நீங்களே போன் போட்டு, "எங்களோடு ஆடுவீர்களா" என்று கேட்க வேண்டும். சரி, வாருங்கள் என்பார்கள், ஆனால் அவர்கள் ஊருக்குத்தான். டெம்பியில் இருந்த ஓஷன்சைட் ரிங்கில் ஆயிரம் பேர்கூட உட்கார முடியாது. பொதுமக்கள் ஸ்கேட்டிங் பழகும் ரிங்க் அது. ஆறாயிரம், பத்தாயிரம் பேர் வரும் அரங்கை வைத்திருக்கும் கல்லூரி அங்கே எதற்கு வரும்? இவர்கள்தான் பெட்டியைக் கட்டிக்கொண்டு பாஸ்டன் பக்கமும் மிச்சிகன் பக்கமும் பறக்க வேண்டும். ஜனவரி தாண்டினால் இன்னும் கஷ்டம். லீக் அணிகள் தங்களுக்குள் மோதுவதில் மும்முரமாகிவிடும். மார்ச்சில் லீக் அணிகள் சாம்பியன் யார் என்று முடிவு செய்யும் பிளேஆஃப் ஆடும்போது லீக் இல்லாதவன் வீட்டில் உட்கார்ந்து ஸ்கோர் பார்க்க வேண்டியதுதான்.

இதைவிடப் பெரிய அடி தேசியத் தொடரில். அதற்குத் தேர்வாவது 16 அணிகள். ஆறு லீக் சாம்பியன்களுக்கு நேரடி இடம். அதாவது சீசன் முழுக்கச் சொதப்பிய அணிகூட மார்ச்சில் இரண்டு வாரம் நன்றாக ஆடி உள்ளே நுழைந்துவிடலாம். மிச்சம் பத்து இடத்துக்கு பேர்வைஸ் என்று ஒரு கணக்கு, அணிகளை ஜோடி ஜோடியாக ஒப்பிட்டு வரிசைப்படுத்துவார்கள். லீக் இல்லாத அணிக்கு அந்தக் கணக்கு ஒன்றுதான் வழி. பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்குப் போய், பந்தியில் யாராவது எழுந்தால் உட்காரலாம் என்று காத்திருக்கிற மாதிரி.

2018-19-ல் அப்படியும் உட்கார்ந்துவிட்டார்கள்! 21 வெற்றி, 13 தோல்வி, 1 சமன். 1992-ல் அலாஸ்கா ஆங்கரேஜுக்குப் பிறகு லீக் இல்லாத ஓர் அணி தேசியத் தொடருக்குப் போனது அப்போதுதான். கோல்களை அடித்துத் தள்ளியவர் உள்ளூர் ஃபீனிக்ஸ் பையன். பெயர் ஜானி வாக்கர். சிரிக்காதீர்கள், நிஜப் பெயரே அதுதான். கோலி ஜோயி டகார்ட், அந்த முதல் முழு சீசனில் முதலாண்டு மாணவராக வந்து கோல் கோலாக வாங்கியவர். மூன்றாம் ஆண்டில் ஏழு ஆட்டங்களில் ஒரு கோல்கூட விடவில்லை. தேசியத் தொடரின் முதல் ஆட்டத்திலேயே குவினிப்பியாக்கிடம் 2-1 என்று தோற்றார்கள். அந்த ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டகார்ட் பிறகு புரொபஷனல் லீக்கான என்ஹெச்எல் போய், 2024 புத்தாண்டு அன்று திறந்தவெளியில் நடக்கும் வின்டர் கிளாசிக்கில் சியாட்டிலுக்காக ஒரு கோலும் விடாமல் நின்றார். அந்த ஆட்டத்தின் வரலாற்றில் அதுவரை யாரும் அப்படி நின்றதில்லை.

கொரோனா வருடத்தில் பிக் டென் லீக்கின் ஏழு அணிகளோடு ஆட வாய்ப்புக் கிடைத்தது. எல்லா ஆட்டமும் அவர்கள் ஊரில். சீசன் முழுக்க ஒரு ஆட்டம்கூட டெம்பியில் இல்லை. நண்பர் இதை உபகாரம் என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வருடம் மற்ற லீக்குகள் வெளியாட்களோடு ஆடுவதைக் குறைத்துக்கொண்டதால் வேறு போக்கிடம் இல்லை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

2022-ல் 5,000 பேர் உட்காரும் முல்லெட் அரீனா வந்தது. என்ஹெச்எல் அணியான கயோட்டீஸே சொந்த அரங்கு இல்லாமல் இரண்டு சீசன் இங்கே வந்து ஆடியது. தலைகீழாகிவிட்டது பாருங்கள், கல்லூரி வீட்டில் புரொபஷனல் அணி வாடகைக்கு! சரி, அரங்கு வந்தாயிற்று, ஆள் வந்தாயிற்று. 2023-24-ல் 24 வெற்றி, 8 தோல்வி, 6 சமன். கணக்கில் இடம் கிடைக்கவில்லை, வீட்டில் இருந்தார்கள். முதல் வருடம் 10 ஆட்டம் ஜெயித்தபோது "இன்னும் கற்றுக்கொள்ள வேண்டும்" என்றவர்களிடம் கேட்கிறேன், 24 ஜெயித்த பிறகு என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?

2024-25-ல் என்சிஹெச்சி லீக் இவர்களைச் சேர்த்துக்கொண்டது. முதல் வருடமே அங்கே இரண்டாம் இடம்.

அதனால்தான் புதிதாக ஏதாவது கல்லூரி ஹாக்கி அணி ஆரம்பிக்கிறது என்று செய்தி வந்தால், எத்தனை மில்லியன், எத்தனை சீட் என்றெல்லாம் நான் பார்ப்பதில்லை. எந்த லீக் என்றுதான் தேடுகிறேன். அது எழுதியிருக்காவிட்டால் அந்தப் பையன்களின் முதல் சீசன் எண்களை வைத்து யாரும் கிண்டல் செய்யாதீர்கள். என் நண்பர் இன்னும் செய்கிறார். மினசோட்டாக்காரருக்கு அது பிறப்புரிமையாம்.

ஒரே வருத்தம், ஓஷன்சைடில் கண்ணாடியில் மூக்கு இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்து பார்ப்போம். ஆள் வந்து மோதினால் காபி சிந்தும். இப்போது முல்லெட்டில் எங்களுக்குக் கட்டுப்படியாகிற சீட்டிலிருந்து பக், அதுதான் அந்த ரப்பர் வட்டு, எங்கே இருக்கிறது என்று மனைவிதான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்வெட்டர் மட்டும் அதேதான்.